நகரும் கோழிக்கூடு

பஞ்சாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் பிளாச்சுகளால் குடை கவிழ்த்தாற்போல் பின்னிய பெரிய கூடை அது. அடிப்பாகம் கிடையாது. சில ஊர்களில் குடாப்பு என்பார்கள். குஞ்சு பொரித்த தாய்க்கோழியையும் அதன் குஞ்சுகளையும் இதற்குள் விட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுவார்கள். பருந்து கொத்திக்கொண்டு போகாது. காற்றும் வெளிச்சமும் தாராளமாக உள்ளே போகும். காலையில் வாசலில் இருந்த பஞ்சாரம் வெயில் ஏறியதும் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். அதைத் தூக்கிவைக்க ஒரு பாட்டியின் இரண்டு கைகள் போதும்.

நம்மூரின் நகரும் கோழிக்கூடு இந்தப் பஞ்சாரம்தான். இதே எண்ணத்தைப் பெரிய அளவில் செய்து பெயர் பெற்றவர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து விவசாயி ஜோயல் சாலட்டின். அடித்தளம் இல்லாத தாழ்வான கூண்டுகளில் கோழிகளை விட்டு, கூண்டுகளை நாள்தோறும் புல்வெளியில் ஓர் இடம் தள்ளி நகர்த்துவது அவருடைய முறை. இப்படிப்பட்ட கூண்டுக்கு அங்கே 'கோழி டிராக்டர்' என்று பெயர். 1994-இல் ஆண்டி லீ எழுதி வெளிவந்த ஒரு புத்தகம் அந்தப் பெயரைப் பரப்பியது. பெயர் பொருத்தமானதுதான். கோழி நிலத்தைக் கிளறுகிறது, களையைத் தின்கிறது, எருவும் இடுகிறது. டீசல் மட்டும் கேட்பதில்லை.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கங்களில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் கொல்லைப்புறம் உள்ள வீடுகள் உண்டு. அங்கே நான்கு கோழி வளர்க்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று, திறந்து விடுவது. தெருநாய், இருசக்கர வாகனம், பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தி ஆகிய மூன்றும் சேர்ந்து அதற்கு ஒரு மாதத்தில் முடிவு கட்டிவிடும். மற்றொன்று, ஒரு மூலையில் நிரந்தரக் கூண்டு கட்டி அடைத்து வைப்பது. இதில் கோழியைக் கொல்லும் எதிரி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கூண்டின் தரையிலேயே உருவாகிறது. அதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். ஏனென்றால் கூடு ஏன் நகர வேண்டும் என்பது தெரியாவிட்டால், அது எவ்வளவு எடை இருக்கலாம் என்பதும் தெரியாது.

கோழிக் குஞ்சுகளைத் தாக்கும் நோய்களில் இரத்தக் கழிச்சல் ஒன்று. ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் இதன் உறையிட்ட நுண்முட்டைகள் வெளியே வருகின்றன. ஊசிஸ்ட் என்று இதற்குப் பெயர். வெளியே வந்த உடனே இது நோயைத் தராது. முதலில் முதிர வேண்டும். முதிர மூன்று பொருள்கள் தேவை: ஈரம், ஆக்சிஜன், மிதமான வெப்பம். மூன்றும் கிடைத்தால் ஒன்று அல்லது இரண்டு நாளில் முதிர்ந்துவிடும். பிறகு அதைக் கொத்தி விழுங்கும் கோழியின் குடலில் பெருகி, முன்னிலும் பல மடங்காக வெளியே வரும். நிரந்தரக் கூண்டில் இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

கூட்டைத் தினமும் நகர்த்தினால் என்ன ஆகும்? நேற்றைய எச்சம் முதிர்வதற்குள் கோழி அந்த இடத்தை விட்டுப் போயிருக்கும். ஒட்டுண்ணி ஒழிந்துவிட்டது என்று பொருளல்ல. ஈர மண்ணில் முதிர்ந்த ஊசிஸ்ட் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் கோழி ஒரே நாளில் விழுங்கும் எண்ணிக்கை குறைகிறது. சிறிய அளவில் நுழைந்தால் கோழியின் உடல் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்கிறது. பெரிய அளவில் நுழைந்தால் குஞ்சு இறந்துபோகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நம் கூட்டின் அடிப்பாகம் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனை ஒரு கிரவுண்டு. வீடு போகக் கொல்லையில் 600 சதுர அடி மிச்சம். 600-ஐ 32-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 இடங்கள். கிணற்றடி, மரத்தின் அடி, துணி உலர்த்தும் இடம் எல்லாம் கழித்தால் 12 தேறும். அப்படியானால் ஓர் இடத்துக்குக் கூடு திரும்பி வர 12 நாட்கள் ஆகும். நடுவில் வெயில் அந்த மண்ணைக் காய வைக்கும். எச்சம் மக்கிப் புல்லுக்கு உரமாகும்.

இப்போது எடைக்கு வருவோம். தினமும் நகர்த்த வேண்டிய பொருள் பளுவாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் வாரம் நகரும். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரம் அது நிரந்தரக் கூண்டாகிவிடும். ஒட்டுண்ணிக்கு அதுதான் வேண்டும்.

கூட்டின் வடிவம் கூரை மட்டும் தரையில் உட்கார்ந்தது போல் இருக்கட்டும். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், உச்சியின் உயரம் 1.2 மீட்டர். முக்கோண வடிவம் ஏன் என்று கேட்கலாம். நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செய்த சதுரத்தை மூலையைப் பிடித்துத் தள்ளினால் சாய்சதுரமாகக் கோணிவிடும். முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் நீளம் மாறாதவரை அதன் கோணங்கள் மாற முடியாது. தினமும் இழுபடும் கூட்டுக்கு இது முக்கியம்.

ஒன்றரை அங்குலச் சதுர மரச்சட்டம் மீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம் இருக்கும். அடிச்சட்டம், மூன்று முக்கோணங்கள், உச்சிக் கட்டை, கதவு எல்லாம் சேர்த்து 20 மீட்டர், அதாவது 20 கி.கி. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வலை எவ்வளவு எடை? ஒரு சதுர மீட்டரில் குறுக்கும் நெடுக்குமாக 157 மீட்டர் கம்பி ஓடுகிறது. கம்பியின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றும், இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கி.கி. என்றும் கொண்டு பெருக்கிப் பாருங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கி.கி. வரும். நமக்குத் தேவை ஐந்தரை சதுர மீட்டர். ஆகச் சட்டமும் வலையும் சுமார் 25 கி.கி.

இரவில் கோழிகள் அடைய, கூட்டின் ஒரு முனையில் 60 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. பிளைவுட்டால் ஓர் அறை அமைக்கிறோம். இதன் எடை 15 கி.கி. மொத்தம் 40. நான்கு கோழிக்கு இந்த அறை போதும். தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் குறுக்கே ஒரு கட்டை வைத்தால் அந்த உயரத்தில் கூட்டின் அகலம் 80 செ.மீ. இருக்கும். ஒரு கோழிக்கு 20 செ.மீ. வீதம் நான்கும் வரிசையாக உட்கார்ந்து தூங்கும்.

40 கி.கி.யைத் தூக்கி நகர்த்த இருவர் வேண்டும். ஒருவர் போதுமாறு செய்ய இரண்டு சக்கரங்களும் ஒரு கைப்பிடியும் சேர்க்கிறோம். கூடு இப்போது இரண்டாம் வகை நெம்புகோல். ஒரு முனையில் சக்கரத்தின் அச்சு ஆதாரம், மறுமுனையில் உங்கள் கை, நடுவில் பளு. சக்கர அச்சை அடிச்சட்டத்துக்கு வெளியே 20 செ.மீ. தள்ளிப் பொருத்துங்கள். கைப்பிடி மறுபக்கத்தில் 40 செ.மீ. நீண்டிருக்கட்டும். அச்சிலிருந்து கைப்பிடிக்குத் தொலைவு சரியாக 3 மீட்டர்.

அந்த இரவு அறையை எந்த முனையில் வைப்பது? பார்க்க அழகாக இருக்கிறதென்று கைப்பிடிப் பக்கம் வைப்பவர்கள் உண்டு. இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சட்டத்தின் 25 கி.கி. அச்சிலிருந்து 1.4 மீட்டரில் செயற்படுகிறது, திருப்புத்திறன் 35. அறை கைப்பிடிப் பக்கம் இருந்தால் அதன் 15 கி.கி. 2.3 மீட்டரில் செயற்படும், திருப்புத்திறன் 34.5. இரண்டின் கூடுதலை 3-ஆல் வகுத்தால் கையில் விழும் பளு 23 கி.கி. அறை சக்கரப் பக்கம் இருந்தால் தொலைவு அரை மீட்டர்தான், திருப்புத்திறன் ஏழரை. அப்போது கைக்கு 14 கி.கி. மட்டுமே. அதே மரம், அதே வலை, அதே செலவு. நிறைந்த பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கும் எட்டாம் வகுப்பு மாணவி இந்தக் கூட்டைத் தனியாக நகர்த்தலாம். வகுப்பில் திருப்புத்திறனுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் கதவையே சொல்கிறீர்கள். இனி இதையும் சொல்லுங்கள்.

சக்கரத்துக்குக் குழந்தைகளின் சைக்கிள் சக்கரம் நல்லது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய சாமான்களுக்கிடையே தேடினால் கிடைக்கக்கூடிய பொருள்தான். நாற்காலிக்குப் போடும் சின்ன உருளைகள் மண்ணில் புதைந்துவிடும். சக்கரம் பெரிதாக இருந்தால் சிறு கல்லின் மேல் சுலபமாக ஏறி இறங்கும். அச்சைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைப்பிடி கீழே இருக்கும்போது அடிச்சட்டம் முழுவதும் தரையில் படிந்திருக்கும். பெருச்சாளி நுழைய இடுக்கு இராது. கைப்பிடியை 45 செ.மீ. தூக்கினால், பின்பக்கச் சட்டம் 3 செ.மீ. மட்டும் எழும்பும். உருட்டிச் செல்ல அது போதும்.

ஆனால் அந்த 3 செ.மீ. இடைவெளியில் கோழியின் கால் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே கூட்டை எப்போது நகர்த்துவது என்பதிலும் கவனம் வேண்டும். விடிந்ததும், இரவு அறையின் கதவைத் திறப்பதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள். நான்கு கோழியும் சேர்ந்து 6 கி.கி. இருக்குமே, பளு கூடாதா? அவை சக்கரத்துக்கு அருகில் இருப்பதால் உங்கள் கையில் கூடுவது 1 கி.கி. தான்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண்கள் உள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. பசித்த தெருநாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். பெரிய கண் வழியாகப் பாம்பும் நுழையும். அரை அங்குல வெல்டு மெஷ்ஷுக்குச் செலவு கூடத்தான். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கீரியும் பெருச்சாளியும் சட்டத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டி வரக்கூடியவை. அதனால்தான் இரவு அறைக்கு மட்டும் பலகைத் தரை வைக்கிறோம். பகலில் மண்ணைக் கிளறும் கோழி, இரவில் பலகையின் மேல் தாழிட்ட அறையில் இருக்கும்.

இலகுவான கூட்டுக்கு ஒரு பகை உண்டு: காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததை உங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய அந்தக் காற்றில் தாம்பரம் பகுதியிலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. காற்றின் அழுத்தம் அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 36 கி.மீ. காற்று, அதாவது விநாடிக்கு 10 மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன் விசை தரும். மழைக்குப் பயந்து கூடு முழுவதையும் தார்ப்பாயால் மூடிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்க்கும் பரப்பு ஏறக்குறைய 2.9 சதுர மீட்டர். விசை 173 நியூட்டன். அது கூட்டின் நடு உயரமான 0.6 மீட்டரில் தாக்கினால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 104. கூட்டின் சொந்த எடை அதைத் தரையில் பிடித்துவைக்கும் திருப்புத்திறன் 235. கூடு நிற்கிறது.

வேகம் இரட்டிப்பானால்? விசை நான்கு மடங்கு. கவிழ்க்கும் திருப்புத்திறன் 415 ஆகிறது. கூடு புரண்டுவிடும். இது தோராயக் கணக்குதான். சாய்ந்த பக்கங்களைக் காற்று தாக்கும் விதம் இதைவிடச் சிக்கலானது. ஆனால் எந்த அளவில் ஆபத்து தொடங்குகிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

இனிக் கூட்டைக் கனமாக்குவதா? கனமாக்கினால் நகராது. நம் வீடுகளில் இருக்கும் 20 லிட்டர் குடிநீர்க் கேன் இங்கே கைகொடுக்கிறது. பழைய கேன் ஒன்றில் கிணற்று நீரை நிரப்பி, காற்று வரும் பக்கத்து அடிச்சட்டத்தோடு கட்டிவிடுங்கள். எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து அது 1.1 மீட்டர் தள்ளி இருப்பதால் 215 நியூட்டன் மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். கூட்டின் முழு எடையும் தருவதற்குச் சற்றே குறைவு! காலையில் அவிழ்த்து வைத்துவிட்டுக் கூட்டை நகர்த்தி மறுபடி கட்டலாம். தார்ப்பாயை இரவு அறைக்கு மேல் மட்டும் போட்டால் வலை வழியாகக் காற்று ஊடுருவிப் போய்விடும். ஆபத்து இன்னும் குறையும். புயல் எச்சரிக்கை வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் நம்பாதீர்கள். கோழிகளைக் கூடையில் எடுத்து வீட்டுக்குள் வையுங்கள்.

அடுத்தது வெயில். கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். நம்மைப்போல் வியர்வைச் சுரப்பிகள் அதற்குக் கிடையாது. சூழல் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடலின் வெப்பம் தானாக வெளியேறும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாளில் வெப்பம் எதிர்த்திசையில், காற்றிலிருந்து கோழிக்குள் போகும். அப்போது அதற்கு எஞ்சியிருக்கும் வழி ஒன்றே. வாயைத் திறந்து இரைத்து, ஈரத்தை ஆவியாக்குவது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி தன் உடலை ஒரு டிகிரி குளிர்விக்க இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமான நீரை ஆவியாக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூரைக்குத் தகரம் வேண்டாம். நண்பகலில் தகரம் 60 டிகிரிக்குச் சூடேறினால், 37 டிகிரியில் இருக்கும் பரப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் கதிர்வீசும். கெல்வினில் மாற்றி நான்காம் அடுக்குக்கு உயர்த்திப் பார்த்தால் தெரியும். தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக வேய்ந்தால் ஓலைகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கும், எடையும் குறைவு. உச்சிக்குக் கீழே வலையிட்ட ஒரு திறப்பு வையுங்கள். சூடான காற்று மேலெழுந்து அதன் வழியே போகும். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும் காற்றைவிட இலேசானதே. மார்கழிக் குளிருக்குப் பயந்து அந்தத் திறப்பை அடைக்கக் கூடாது.

கூடு நகரக்கூடியது என்பதன் முழுப் பயனும் கோடையில்தான் தெரியும். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம் என்று நிழலைத் தேடி அதைக் கொண்டுபோகலாம். நண்பகல் நிழலில் மட்டும் ஒரு விசேஷம். தாம்பரம் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன்பின் ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். சுவரின் நிழல் தெற்கே விழும். அதுவும் மூன்று மீட்டர் சுவருக்கு அரை மீட்டர் அளவே. கோழிக்கு அது போதாது. நண்பகலுக்கு வேப்பமரத்தடிதான்.

வடகிழக்குப் பருவமழையில் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் 490 லிட்டர்! முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியதும் அந்த மழையில்தான். அவ்வளவு இல்லாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகையில் மண் காய்வதே இல்லை. ஊசிஸ்ட் முதிர அதுவே நல்ல காலம். அந்த வாரங்களில் கூட்டைக் கார் நிறுத்தும் தாழ்வாரத்தில் வைத்து, கீழே உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் மாற்றுங்கள்.

எந்தக் கூடும் தடுக்க முடியாத நோய் வெள்ளைக் கழிச்சல். அது வைரஸால் வருவது. தடுப்பூசி ஒன்றே வழி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சாலையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றி அங்கும் விசாரிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த கோழி ஒன்றுக்கு நந்தனம் கோழி என்றே பெயர். ஆராய்ச்சி நிலையம் முன்பு நம் நந்தனத்தில்தான் இருந்தது. முட்டைக்காக வளர்ப்பதானால் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டையிடும். அண்டை வீட்டாரும் விடியற்காலையில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கூட்டைக் கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உடல் எடை பார்க்கும் கருவி ஒன்றைக் கைப்பிடிக்குக் கீழே வைத்து, கைப்பிடியை அதன் மேல் இறக்குங்கள். கருவி 14 கி.கி. அளவில் காட்ட வேண்டும். 18 காட்டினால், மரக்கடையில் வாங்கிய சட்டம் ஈரமாக இருந்திருக்கலாம். இரண்டு வாரம் வெயிலில் காய்ந்த பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள்.